எப்படிப் படிப்பது என்பதும் பாடமே
சென்னை மருத்துவ அறிவியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னை மாநகரின் மருத்துவ, பல்மருத்துவ, செவிலிய, மருந்தியல், இயன்முறை மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்க்குப் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்கள்



கிண்டியில் 1988 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் மருத்துவம், பல்மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் எனப் பல துறைகளில் மாணவர் பயில்கின்றனர். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் பயிற்சிக்கு வரும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மாணவரானாலும், 2015இல் ஓமந்தூரார் வளாகத்தில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவரானாலும், தனியார் கல்லூரி ஒன்றில் செவிலியம் பயில்பவரானாலும், எதைப் படிக்க வேண்டும், எந்த நாளில் தேர்வு, எத்தனை விழுக்காடு வருகை வேண்டும் என்பவை அவர்கள் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே அச்சிட்ட தாளாகக் கிடைத்துவிடுகின்றன. எப்படிப் படிக்க வேண்டும் என்பது மட்டும் எந்தத் தாளிலும் முறையாக இடம்பெறுவதில்லை. அது மாணவர் தாமே கண்டுகொள்ள வேண்டியது என்றும், கண்டுகொள்ள முடியாதவர் அப்படிப்புக்குத் தகுதி குறைந்தவர் என்றும் எண்ணும் வழக்கம் கல்விக்கூடங்களில் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் தவறானது என்பதையும், கற்றல் திறனைப் பாட ஆசிரியரே பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம். கற்றல் திறன் என்று இங்கே குறிக்கப்படுவது, ஒரு கருத்தைப் புரிந்துகொண்டு, நினைவில் நிறுத்தி, வேண்டிய வேளையில் மீட்டெடுத்து, முன்பு காணாத ஓர் இடத்தில் பயன்படுத்துவதற்கு உதவும் பழக்கங்களின் தொகுதியாகும்.

முதலாண்டில் திணறும் மாணவர் பலரும் பள்ளியில் முதல் வரிசையில் நின்றவர்கள் என்பதால், அவர்களது திணறலுக்குச் சோம்பலையோ அறிவுக் குறைவையோ காரணமாகச் சொல்லுவதற்கில்லை. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிப்புகளுக்கு வாயிலாக அமைந்த நீட் தேர்வு 180 வினாக்களும் 720 மதிப்பெண்களும் கொண்டது. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் கண்முன் தரப்பட்டிருக்க, அவற்றுள் சரியானதைத் தெரிவு செய்வதே அங்கே வேலை. இதனை அடையாளம் காணுதல் எனலாம். கல்லூரியிலோ, வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் ஓர் எலும்பைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லும்போதும், எழுத்துத் தேர்வில் விரிவான விடை எழுதும்போதும், எதிரே எந்த விடையும் இருப்பதில்லை. உள்ளத்திலிருந்து அனைத்தையும் தாமே எடுத்து, வரிசைப்படுத்தி, சொற்களில் அமைக்க வேண்டியிருக்கிறது. இது மீட்டுரைத்தல். முன்னதில் தேர்ந்தவர் பின்னதிலும் தானாகத் தேர்ந்துவிடுவார் என்று கொள்வதற்கு இடமில்லை. இரண்டாண்டுகள் ஒரு வகைப் பயிற்சியிலேயே ஊறிய மாணவர், அந்தப் பயிற்சி உதவாத களத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதும், களம் மாறிவிட்டது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுவோர் அரியர் என்பதுமே உண்மை நிலை.

இந்த இடைவெளியோடு மொழியின் இடைவெளியும் சேரும்போது சுமை இரட்டிப்பாகிறது. நீட் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம். ஆனால் தேர்ச்சி பெற்றுக் கல்லூரிக்குள் நுழைந்த நாளிலிருந்து பாடம், நூல், தேர்வு அனைத்தும் ஆங்கிலத்தில் அமைகின்றன. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை உள்ஒதுக்கீடாக வழங்கும் சட்டம் 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபின், முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றனர், அவர்களது கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது, 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று உறுதி செய்தது. இடம் கிடைத்தது, கட்டணமும் தீர்ந்தது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புவரை கணையத்தின் பணியைத் தமிழில் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவி, பேன்கிரியாஸ் என்ற சொல்லின் முன்னே வாயடைத்து நிற்கும்போது, அவருக்கு இல்லாதது அறிவன்று, இரண்டு பெயர்களையும் இணைக்கும் ஒரு வாக்கியமே. 'தமனி' என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டு ஆர்ட்டரி என்று தொடர்ந்தால், பள்ளியில் கற்ற ஐந்தாண்டுப் பாடம் முழுவதும் அந்த மாணவிக்குத் துணையாக எழுந்து நிற்கும்.

தமிழில் உடற்கூறு பேசுவது புதுமையும் அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மாணவர் தம் தாய்மொழியிலேயே மருத்துவம் பயில வேண்டும் என்று முடிவு செய்து, பாடங்களைத் தமிழில் நடத்தியதோடு நூல்களையும் மொழிபெயர்த்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வெளிவந்தது. தமிழ்நாடு பாடநூல் கழகமும் மருத்துவ நூல்கள் சிலவற்றைத் தமிழாக்கும் பணியை அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டுள்ளது. மருத்துவக் கல்வி முழுவதும் தமிழில் அமைய வேண்டுமா என்ற பெரிய விவாதத்திற்குள் இம்மடல் நுழையவில்லை. புரிந்துகொள்ளுதல் தமிழில் தொடங்கி, வெளியிடுதல் ஆங்கிலத்தில் முடிவதற்கு ஒரு பாலம் வகுப்பறைக்குள்ளேயே அமைய வேண்டும் என்பது மட்டுமே இங்கே வேண்டப்படுகிறது.

அந்தப் பாலத்திற்கான கருவி ஒன்றை மாணவர் பள்ளியிலிருந்தே கொண்டுவருகின்றனர். தமிழ்ப் பாடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துப் பொருள் காண்பது அவர்களுக்குக் கைவந்த கலை. மருத்துவச் சொற்களும் அவ்வாறே பிரியக்கூடியவை. நெஃப்ரைட்டிஸ், ஹெப்பட்டைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூன்றிலும் 'ஐட்டிஸ்' என்ற விகுதி அழற்சியைக் குறிக்க, முன்னே நிற்கும் பகுதிகள் முறையே சிறுநீரகம், கல்லீரல், மூட்டு ஆகியவற்றைக் குறிக்கின்றன. 'எக்டமி' என்பது வெட்டி அகற்றுதலைக் குறிக்கும் விகுதி என்று அறிந்த மாணவர், நெஃப்ரெக்டமி என்ற சொல்லை முதன்முறை காணும்போதே அதன் பொருளைத் தாமே சொல்லிவிடுவார். கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கொண்ட இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக நெட்டுருப் போடும் மாணவருக்கும், பிரித்துப் படிக்கும் மாணவருக்கும் இடையே ஓராண்டில் விளையும் வேறுபாடு மிகப் பெரியது. அந்த வேறுபாட்டை உண்டாக்க ஆசிரியருக்கு ஆகும் நேரமோ வகுப்புக்கு ஐந்து நிமிடம்தான்.

இத்தகைய துணையின் தேவையை ஆட்சியமைப்புகள் உணராமல் இல்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், எம்.பி.பி.எஸ். படிப்பின் முதல் மாதத்தை அடித்தளப் பயிற்சிக்கு ஒதுக்கியது. அதற்கு வகுத்த 175 மணி நேரத்தில் மொழித்திறனுக்கும் கணினித் திறனுக்கும் சேர்த்து 40 மணி நேரம் வழங்கப்பட்டது. பிந்தைய திருத்தங்களில் இப்பயிற்சியின் கால அளவு குறைக்கப்பட்டது. கால அளவைவிடவும் பெரிய சிக்கல், அப்பயிற்சி வரும் வேளை. எப்படிப் படிப்பது என்ற அறிவுரை, படிக்க வேண்டியது இன்னதென்றே தெரியாத முதல் நாட்களில் சொல்லப்படுகிறது. நீச்சல் பற்றிய விரிவுரை கரையில் முடிந்துவிட, தண்ணீரில் இறங்கும்போது அருகில் எவரும் இருப்பதில்லை. முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாள் கைக்கு வரும் நாளில்தான் அந்த அறிவுரை மாணவருக்குத் தேவைப்படுகிறது. முதல் தொழில்முறைத் தேர்வை நான்கு முயற்சிகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி தலைக்குமேல் இருக்கையில், அந்த நாளில் கிடைக்கும் ஒரு மணி நேர வழிகாட்டல் பெருந்துணையாகும்.

அவ்வழிகாட்டலில் சொல்ல வேண்டியவை எவை என்பதில் ஐயத்திற்கு இடமில்லாதபடி கற்றல் உளவியல் போதிய சான்றுகளைத் தந்திருக்கிறது. கற்றது காலப்போக்கில் எவ்வாறு நழுவுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டினார். அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பிந்தைய தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரத்திற்குப் பிந்தைய தேர்வில், ஒருமுறை படித்துவிட்டு மும்முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காட்டை நினைவில் வைத்திருக்க, படித்தலையே நான்கு முறை செய்தவர்களுக்கு 40 விழுக்காடே எஞ்சியது. பத்துக் கற்றல் முறைகளை ஒப்பிட்டு டன்லாஸ்கி குழுவினர் 2013இல் எழுதிய மதிப்பாய்வு, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுதலையும் இடைவெளி விட்டுப் படித்தலையும் மிகப் பயனுள்ளவை என்றும், அடிக்கோடிடுதலையும் மறுபடி படித்தலையும் பயன் குறைந்தவை என்றும் வகைப்படுத்தியது. மாணவர் விடுதியின் எந்த அறையிலும் காணக்கூடிய, பக்கமெல்லாம் மஞ்சள் பூசிய புத்தகம், உழைப்பின் அடையாளமாக இருந்தாலும் கற்றலின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை என்பதை மாணவருக்கு எடுத்துச் சொல்லும் கடமை ஆசிரியருடையது.

சொல்வதோடு நில்லாமல் செய்து காட்டும்போதுதான் அது பதியும். கைக்குச் செல்லும் நரம்புகளின் வலையாகிய பிரேக்கியல் பிளெக்ஸஸ், அதாவது புயநரம்புப் பின்னல், முதலாண்டு மாணவரை அச்சுறுத்தும் பாடங்களுள் ஒன்று. கழுத்துத் தண்டுவட நரம்புகளில் 5ஆவது முதல் 8ஆவது வரையிலானவையும் மார்பு நரம்புகளில் முதலாவதும் ஆகிய ஐந்து வேர்கள் மூன்று தண்டுகளாகச் சேர்ந்து, ஆறு பிரிவுகளாகப் பிரிந்து, மூன்று வடங்களாக மீண்டும் இணைந்து, ஐந்து முடிவுக் கிளைகளாக விரிகின்றன. இதனைப் பாடம் நடத்தி முடித்த ஆசிரியர், நூல்களை மூடச் சொல்லி, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, நினைவிலிருந்து வரையச் சொல்லட்டும். பெரும்பாலோர் வேர்களை வரைந்து, தண்டுகளைச் சேர்த்து, பிரிவுகளில் தடுமாறி நிற்பர். அப்போது நூலைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையில் நிரப்பச் சொல்லட்டும். மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் அதே தாள் வேலை ஐந்தைந்து நிமிடம் நடக்கட்டும். சிவப்பு மை ஒவ்வொரு முறையும் குறைந்துவருவதைத் தம் கண்ணால் காணும் மாணவருக்கு, கற்றல் உளவியலைப் பற்றிய தனி விரிவுரை எதுவும் தேவைப்படாது.

செவிலிய மாணவருக்கும் இது பொருந்தும். 500 மில்லிலிட்டர் நரம்புவழித் திரவத்தை 4 மணி நேரத்தில் செலுத்த வேண்டும், குழாயின் அளவு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்றால், மொத்தம் 10,000 சொட்டு 240 நிமிடத்தில் இறங்க வேண்டும். ஆகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டு. வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்த மாணவி, எண்களை இடம் மாற்றிப் போட்டுப் பத்து மடங்கு பிழையான விடையையும் ஐயமின்றி எழுதிவிடக்கூடும். கணக்கிடுவதற்கு முன் மணிக்கு 125 மில்லிலிட்டர், நிமிடத்திற்கு இரண்டு மில்லிலிட்டர் அளவு, ஆகவே நாற்பது சொட்டுக்கு அருகில் விடை இருக்க வேண்டும் என்று மனத்தில் மதிப்பிட்டுக்கொள்ளப் பழகியவரோ, அந்தப் பிழையைத் தாளிலேயே பிடித்துவிடுவார். கற்றல் திறன் என்பது மதிப்பெண்ணோடு மட்டும் தொடர்புடையது அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தச் சொட்டுகள் இறங்குவது ஒரு மனிதரின் இரத்தக் குழாய்க்குள்.

இனி, இத்தகைய பயிற்சியை நடத்துவோர் யார் என்ற வினா. அதற்கான விடை தமிழ் மரபிலேயே இருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்கும் முறையை விளக்குமிடத்தில், ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கருத்தோடு கேட்டாலும் மாணவர் அதில் கால் பங்கையே பற்றிக்கொள்கிறார் என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கைவருகின்றன என்றும் வகுக்கிறது. கேட்டதை மீண்டும் நினைத்துப் பார்ப்பதும், வினாவுவதும், பிறர் வினாவுக்கு விடையளிப்பதும் மாணவரின் கடமைகளாக அதே பகுதியில் சொல்லப்படுகின்றன. மீட்டுரைத்தலின் வலிமையை ஆய்வகங்கள் அளப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ் இலக்கண ஆசிரியர் ஒருவர் அதைப் பாடத்திட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்.

இதே கருத்து அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் இருக்கும் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1973இல் வேறு பெயரோடு உருவெடுத்தது. மருத்துவ அறிவியல் மாணவர் பலர் இடையில் நின்றுவிடுவதைத் தடுக்க வழி தேடிய டியானா மார்ட்டின் என்ற கல்வியாளர், துணைப் பயிற்றுமுறை எனத் தமிழில் சொல்லத்தக்க ஒன்றை வகுத்தார். அப்பாடத்தில் முன்பே தேர்ந்த மூத்த மாணவர் ஒருவர், இளையோருடன் அதே வகுப்பில் மீண்டும் அமர்ந்து பாடம் கேட்டு, வாரந்தோறும் அவர்களைக் கூட்டிவைத்து, பாடத்தைத் திரும்ப நடத்தாமல், எப்படிக் குறிப்பெடுப்பது, எதை முதலில் கேட்பது, தேர்வில் எப்படி அமைத்து எழுதுவது என்பவற்றைப் பாடத்தை வைத்தே பழக்குவார். இம்முறையின் உயிர்நாடி ஒரே ஒரு முடிவில் இருந்தது: பின்தங்கிய மாணவர் யார் என்று தேடாமல், கடினமான பாடம் எது என்று தேடி, அப்பாடத்தில் சேர்ந்த எல்லோருக்கும் கதவைத் திறந்துவைத்தது. பின்னர் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதை ஏற்றுக்கொண்டன.

இந்த ஒரு முடிவைச் சென்னைக் கல்லூரிகள் ஆழ்ந்து நோக்க வேண்டும். மெதுவாகக் கற்போர் என்று ஒரு பட்டியல் தயாரித்து, அவர்களை மாலையில் தனியே அமர்த்திச் சிறப்பு வகுப்பு நடத்துவது பல கல்லூரிகளில் வழக்கமாக இருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் அது செய்யப்படுகிறது. ஆயினும் தம் ஊரில் முதன்முதலாக மருத்துவம் படிக்கப் போனவர் என்று கொண்டாடப்பட்ட மாணவர், மூன்றே மாதத்தில் அந்தப் பட்டியலில் தம் பெயரைக் காணும்போது, உதவி என்பதே அவருக்குத் தலைகுனிவாகிவிடுகிறது. ஏற்கெனவே நடத்திய பாடத்தை இன்னும் மெதுவாக நடத்துவதால், அவர் படிக்கும் முறையும் மாறுவதில்லை. உதவி பாடத்தோடு கட்டப்பட்டு எல்லோருக்கும் உரியதாகும்போது, முதல் மதிப்பெண் பெறுபவரும் அங்கே வருவார். அவர் வரும் இடத்திற்கு வருவதில் எவருக்கும் கூச்சம் இராது.

இடமும் வேளையும் கற்றலின் பகுதிகளே என்பதை இந்நகரம் நெடுங்காலமாக அறியும். மயிலாப்பூரில் 1905இல் தொடங்கப்பட்ட ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம், ஏழை மாணவருக்கு உணவும் உறைவிடமும் மட்டுமன்றி ஒழுங்கான நாளமைப்பும் வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தியாகராய நகரின் சிறு அறை ஒன்றில் நால்வரோடு தங்கிப் படிக்கும் மாணவருக்கு இத்தகைய இடங்கள் பெருங்கொடை. ஆனால் நூலகத்தின் அமைதி தனிப்படிப்புக்கு உரியது. நன்னூல் சொல்லும் மற்ற முக்கால் பங்குக்கு வாய்விட்டுப் பேசும் இடம் வேண்டும். வகுப்பு முடிந்தபின் பூட்டப்படும் விரிவுரை அறைகளை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவைத்தால், நகரத்தின் நடுவே வாடகையின்றி அந்த இடம் கிடைத்துவிடும்.

ஆசிரியரின் சுமையை இம்மடல் அறியாததன்று. விரிவுரை, செய்முறை, புறநோயாளர் பிரிவு, ஆய்வு, நிர்வாகப் படிவங்கள் எனப் பல திசையிலும் இழுக்கப்படும் ஒருவரிடம் இன்னொரு பொறுப்பை ஏற்கச் சொல்வது எளிதன்று. பாடப்பகுதியே முடியாத நிலையில் படிக்கும் முறைக்கு நேரம் ஏது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆயினும் நடத்தி முடித்த பகுதியின் அளவைக் கொண்டு கற்பித்தலை அளப்பது, சமைத்த சோற்றைக் கொண்டு பசியாறியவரைக் கணக்கிடுவது போன்றது. மருத்துவ அறிவு ஆண்டுதோறும் மாறிவரும் காலத்தில், கல்லூரியில் கற்ற செய்திகளுள் பல பழையனவாகிவிடும். தாமே கற்கும் பழக்கம் ஒன்றே பணிக்காலம் முழுவதும் உடன்வரும். அதைக் கொடுக்கத்தக்கவர் பாட ஆசிரியரையன்றி வேறொருவர் இல்லை. ஏனெனில் உடற்கூற்றியலைப் படிக்கும் முறை வேறு, உயிர்வேதியியலைப் படிக்கும் முறை வேறு, அந்த வேறுபாட்டைத் தம் அனுபவத்தால் அறிந்தவர் அவரே.

ஆகவே வேண்டுகோள்கள் நான்கு மட்டுமே. முதலாவது, வகுப்பின் இறுதிப் பத்து நிமிடத்தை மூடிய நூலுக்கும் வெள்ளைத்தாளுக்கும் ஒதுக்குதல். இரண்டாவது, ஒவ்வொரு துறையும் தன் பாடத்திற்குரிய அடிப்படைச் சொற்களை வேர்ப்பொருளோடும் தமிழ்ச் சொல்லோடும் தொகுத்து முதல் வாரத்தில் வழங்குதலும், சிறு குழு வகுப்புகளில் தமிழில் வினாவத் தடையின்மையும். மூன்றாவது, இன்டர்னல் தேர்வின் விடைத்தாளை ஒரு வாரத்திற்குள், எங்கே, ஏன் மதிப்பெண் குறைந்தது என்ற குறிப்போடு திருப்பித் தருதல். நான்காவது, மூத்த மாணவர் நடத்தும் வாராந்திரக் கூட்டங்களைக் கடினமான பாடங்களில் தொடங்கி, அவர்களது உழைப்புக்குக் கல்லூரியின் சான்றும் மதிப்பும் அளித்தல். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ அரசாணையோ வேண்டியதில்லை.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற புதுக்கோட்டைப் பெண் முத்துலட்சுமி ரெட்டி, பிற்காலத்தில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமானார். 1954 முதல் அங்கே சிகிச்சை பெற்றுவரும் எண்ணற்ற நோயாளிகள், பெண்ணுக்கு எளிதில் திறக்காத கதவு ஒன்று ஒருமுறை திறந்ததன் பயனைப் பெறுகிறவர்கள். இன்று சட்டத்தால் கதவு திறந்திருக்கிறது. உள்ளே வந்தவரைக் கைப்பிடித்து நடத்துவது ஆசிரியர் கையில் இருக்கிறது. அடுத்த வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது நூல்களை மூடச் சொல்லித் தாளைக் கொடுத்துத் தொடங்குமாறு ஆசிரியப் பெருமக்களை இம்மடல் பணிவோடு வேண்டுகிறது.

மதிப்புடனும் நம்பிக்கையுடனும்,
மாணவர் நலம் விழையும் மயிலாப்பூர் வாசகர்